முனிரத்தினம் சொன்ன எலி

செய்தி வந்தபோது நான் சூளூர்பேட்டை ரயில் நிலையத்தில், மடியில் ஒரு பழைய ஸ்பீடாமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காயலான் கடையில் இரண்டு மணி நேரம் குடைந்து எடுத்தது அது. முள் உடையவில்லை, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. முனிரத்தினம் அண்ணனிடம் நீட்டி, 'சூளூர்பேட்டையில ஒன்னும் கெடைக்காதுன்னு சொன்னியே, பாரு' என்று ஜம்பமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் மகள் தேவகி. "சித்தப்பா, நைனா போய்ட்டாரு" என்றாள். "எங்க போனாரு?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். ரயிலுக்குக் காத்திராமல் பஸ் பிடித்து, நாயுடுபேட்டையிலும் காளஹஸ்தியிலும் மாறி, திருப்பதி வந்து சேர்ந்தேன். ஸ்பீடாமீட்டரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

பழைய கார் வைத்திருக்கும் நீங்கள் சில பேர் சேர்ந்து அவர் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறீர்கள். "பத்தொன்பது வருஷம் கூடவே இருந்தவன் நீதான். நல்லதா நாலு வார்த்தை எழுது ஏழுமலை" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். நான்கும் நல்லதாக இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் என் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். அவர் போன துக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே அவர்மீது ஒரு கோபம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

அவரைப் பழைய கார் மெக்கானிக் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் வேலை முக்கால்வாசி டேஷ்போர்டுதான். உளுத்துப்போன மரப் பலகையைக் கழற்றி, இழைத்து, ஒட்டி, மெருகேற்றி மறுபடி மாட்டுவார். பலகைக்குப் பின்னால் உள்ள வயர்களை முறுக்கி ஜாயிண்டு போட்டு, மேலே டேப் சுற்றுவது என் வேலை. திருப்பதியில் ரேணிகுண்டா சாலையை ஒட்டி, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரம் போட்ட ஷெட். நான் வெதுருகுப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன், மாலை ஐந்தரை பஸ்ஸில் திரும்புவேன். அவர் மனைவி கௌரி அண்ணிதான் இரண்டு பேருக்கும் சோறு போடுவார். பத்தொன்பது வருடத்தில் என் வீட்டில் மதியம் சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு டேஷ்போர்டை அவர் கழற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் பேட்டரி ஒயரை எடுப்பார். பிறகு ஒரு டீ. "அவசரக்காரன் பலகைய ஒடப்பான், டீ குடிச்சவன் ஒடக்க மாட்டான்" என்பார். ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு, உள்ளே கையை விட்டு ஸ்பீடாமீட்டர் கேபிளைத் திருகிக் கழற்றுவார். அறுபது வருடம் அசையாமல் இருந்த ஸ்க்ரூவுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வைத்திருப்பார். கையுறை வைக்கும் பெட்டிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், அதை மறந்துவிட்டு இழுத்துத்தான் பலபேர் பலகையைப் பிளந்திருக்கிறார்கள். எல்லாம் கழன்றதும் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து, பலகையை எங்கள் மடிமேல் விரித்த பழைய துண்டின்மேல் சாய்ப்போம்.

அப்புறம்தான் நூல். பழைய வயர்களின் மேலே துணிச் சுற்று இருக்கும், அது நிறம் செத்து எல்லாமே ஒரே மண் நிறமாகிக் கிடக்கும். எது எங்கே போகிறது என்று தெரியாது. முனிரத்தினம் அண்ணன் நகரியில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் இன்னும் பவர்லூம் ஓட்டுகிறார்கள். அங்கிருந்து மிச்ச நூலைக் கலர் கலராகக் கொண்டுவந்து வைத்திருப்பார். ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு முனைக்கும் இத்தனை முடிச்சு என்று கட்டுவோம். ஒருநாள் நான் இரண்டு நூலைச் சேர்த்து முறுக்க, அது முறுக்க முறுக்கப் பிரிந்துகொண்டே போனது. "நூலுக்கு ஒரு பக்கம் இருக்குதுபா. அது போற பக்கந்தான் நாமளும் போவணும்" என்று சொல்லி, என் கையிலிருந்து வாங்கி அவரே முறுக்கிக் கொடுத்தார். நூலைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

நான் பீச்சாங்கைக்காரன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், டேப் எல்லாம் இடது கையில்தான். திருப்பதிக்கு வருவதற்கு முன்னால் சித்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். ஒருநாள் ஒரு லாரியின் விளக்கு எரியவில்லை என்று, வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே முதலாளி என் டெஸ்டரைப் பிடுங்கி எறிந்தார். "பீச்சாங்கைல செஞ்சா பீச்சாங்க வேலயாத்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கே கிளம்பி ஊருக்கு வந்துவிட்டேன். எட்டு மாதம் வயரைத் தொடவில்லை, கரும்பு வெட்டப் போனேன். அங்கேயே தேடி வந்து, வரப்பில் நின்றுகொண்டு கூப்பிட்டவர், சித்தூர் முதலாளியிடம் வந்துபோகும்போது என்னைப் பார்த்திருந்த முனிரத்தினம் அண்ணன். இந்த நன்றியை நான் மறக்கவில்லை, இதை எழுதும்போதும் மறக்கவில்லை.

நான் அவரிடம் சேர்ந்த முதல் வருடம்தான் அந்தப் புகை விவகாரம் நடந்தது. சித்தூரில் ஒரு வயதான டாக்டரின் கார். நாங்கள் சேர்ந்து முடித்த மூன்றாவது வண்டியோ நான்காவது வண்டியோ. டாக்டரும் அவர் மனைவியும் காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகும்போது, நடுவழியில் மாந்தோப்பு ஓரம் டேஷ்போர்டிலிருந்து புகை வந்துவிட்டது. டாக்டர் சமயோசிதமாக இறங்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டதால் ஒன்றும் ஆகவில்லை. போன் வந்ததும் நானும் கிளம்பினேன். "நீ எதுக்கு? இங்க இருக்கிற வேலயப் பாரு, நான் போய்ட்டு வரேன்" என்று அவர் தனியாகப் போனார்.

மாலையில் திரும்பி வந்தார். நான் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"இன்னாண்ணா ஆச்சு? என் ஜாயிண்டா?"

"உன் ஜாயிண்டு இல்லபா. எலி. நல்லா ஒயர துன்னு வெச்சிருக்குது. வீட்டாண்ட தோப்புல நிறுத்துறாரு இல்ல, அதான்."

"நெஜமாவா?"

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறேன்? வா, கை கழுவு, துன்னலாம்."

அன்றைக்கு நான் சாப்பிட்டதைப் போல என்றைக்கும் சாப்பிட்டதில்லை. கௌரி அண்ணி இரண்டாவது முறை சோறு வடிக்க வேண்டியதாயிற்று. மறுநாளே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் பாச்சா உருண்டை வாங்கி வந்தேன். துணிமணிக்குள் பூச்சி வராமல் போட்டு வைப்போமே, அதுதான். பழைய துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கட்டோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் இதைச் செய்யாமல் விட்டதில்லை. உங்களில் சில பேர் கார் புதுப் புடவைப் பெட்டி மாதிரி மணக்கிறது என்று கேலி செய்திருக்கிறீர்கள். அவரும் கேலி செய்வார். "எலிக்கு ஒன்னு வெச்சியா? அதோட பொண்டாட்டிக்கு?" என்பார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டாவது உருண்டையைக் கட்டுவேன். பத்தொன்பது வருடம் இப்படிச் சிரித்திருக்கிறேன்.

அவர் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நான் வயர் வேலையை முடித்ததும் டேஷ்போர்டை அன்றே மாட்ட மாட்டார். இரண்டு ஸ்க்ரூவில் தொங்கவிட்டுவிட்டு, "வண்டி இன்னிக்கு ஒறங்கட்டும். காலைல நல்ல நேரம் பாத்து மூடிக்கலாம்" என்பார். நான் ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விடுவேன். மறுநாள் நான் வருவதற்குள் எல்லா ஸ்க்ரூவும் ஏறியிருக்கும், பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கும். சாவியை என் கையில்தான் கொடுப்பார். நான்தான் முதலில் திருப்ப வேண்டும். விளக்குகள் எல்லாம் எரியும். பிறகு மலையடிவாரத்தில் அலிபிரிக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சொந்தக்காரரிடம் கொடுப்போம். சாமிமேல் அவருக்கு இருந்த பயபக்தி என்று நான் இதை என் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியைக் கொடுக்கும்போது அவர் சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். "பலகை என்துங்க, அது வெறும் மொகம். உள்ள இருக்கிற உசுரு ஏழுமலை கை. அவன் கட்டின ஜாயிண்டு உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்பார். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கிலும் சொல்வார். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் இதையே சொன்னார். சித்தூர் முதலாளி எறிந்த டெஸ்டரை இவர் குனிந்து எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் போய் ஒன்றரை மாதம் ஆனபோது, ஓய்வுபெற்ற ஒரு லெக்சரர் தன் காரைக் கொண்டுவந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் செய்த வண்டி. "ஏழுமலை, மீட்டர் பனி சேயட்லேது" என்றார். மீட்டர் வேலை செய்யவில்லையாம். முள் அசையவில்லை, சூளூர்பேட்டையில் வாங்கிய மீட்டர் அதற்குப் பொருந்தும் என்று தோன்றியது. பேட்டரி ஒயரை எடுத்தேன். டீ குடித்தேன். மறைந்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் மறக்கவில்லை. பலகையைச் சாய்க்க எதிர்ப்பக்கம் மடி இல்லை. ஒரு நாற்காலியில் துண்டுகளை அடுக்கி அதன்மேல் சாய்த்தேன். அப்போது கொஞ்சம் அழுதேன். லெக்சரர் சார் வெளியே போய் நின்றுகொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் என் பாச்சா உருண்டை முடிச்சு முதலில் தெரிந்தது. உருண்டை கரைந்துபோய் வெறும் துணிதான் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஜாயிண்டுகள். ஒன்றைப் பிரிக்கலாம் என்று டேப்பின் நுனியைத் தேடினேன், விரல் தடுமாறியது. நான் சுற்றும் டேப் இடது பக்கமாக ஏறும். எனக்கு வேறு மாதிரி சுற்றத் தெரியாது. இது வலது பக்கமாக ஏறியிருந்தது. நான் டேப்பைப் பல்லால் கடித்து அறுப்பவன், நுனி பிசிறடித்திருக்கும். இதன் நுனி கத்தரிக்கோலால் வெட்டியது போல நேராக இருந்தது. அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு ஜாயிண்டில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

வேறு யாரோ இடையில் வண்டியைத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்து லெக்சரரைக் கேட்டேன். பதினொரு வருடமாக ஒரு ஸ்க்ரூகூடத் தொடவில்லை என்றார். மீட்டரை மாட்டி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. மறுநாள் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். ஒரு டார்ச்சும் அந்தக் கண்ணாடியுமாக, நாங்கள் செய்த கார்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் போனேன். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில், நான் அண்ணன் ஞாபகத்தில் அவர் கைவேலையைத் தொட்டுப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "எந்த ப்ரேமய்யா நீகு!" என்று கண் கலங்கினார்கள். என்ன பாசம், என்ன பாசம். நான் படுத்தபடியே கண்ணாடியை அடுத்த ஜாயிண்டுக்குத் திருப்பினேன்.

ஆறு வண்டி பார்த்தேன். ஆறிலும் டேப் வலது பக்கமாகத்தான் ஏறியிருந்தது. ஆறிலும் என் பாச்சா உருண்டைத் துணி மட்டும் நான் கட்டினபடியே இருந்தது.

நேராகக் கௌரி அண்ணியிடம் போனேன். அவர் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே என் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

"அண்ணி, நான் கட்டின ஜாயிண்ட அண்ணன் பிரிச்சி வேற கட்டிக்கினு இருந்தாரா?"

அவர் கீரையைக் கீழே வைத்தார். "நீ பஸ்ஸுக்குப் போனதும் செய்வாரு. நான்தான் டார்ச்சு புடிப்பேன்."

"எத்தினி வருசமா?"

"அந்த டாக்டரு வண்டிலருந்து. அதுக்கு முன்ன செஞ்ச ரெண்டு மூணயும் தேடிப் போயி பிரிச்சிக் கட்டினாரு."

"அப்போ எலி?"

"எலியும் இல்ல, ஒன்னும் இல்ல. உன் ஜாயிண்டு அவுந்துகினு உரசியிருக்குது. அவுரு வந்து என்கிட்ட சொன்னாரு."

"உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதான ஏழுமல சொன்ன? வந்த மொத நாளு. நான் இங்கதான் நின்னுகினு இருந்தேன். 'என் வேலயில இன்னொரு தபா எவனாவது கொற சொன்னா அத்தோட ஒயரத் தொட மாட்டேன்'னு சொன்ன. இவுரு 'சரிபா, சொல்ல மாட்டேன்'னாரு. அத்தப் புடிச்சிக்கினாரு. எத்தினியோ தபா நானே சொன்னேன், சொல்லிடுய்யா, அவன் இன்னா கொழந்தயான்னு. 'அவன் மறுபடியும் கரும்பு வெட்டப் பூடுவான்டி'ம்பாரு."

நான் அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன், அந்த வயதில் என் வாய் அப்படித்தான். முப்பத்தேழு வயதில் கோபத்தில் உளறிய ஒரு பேச்சு அது. அதை ஒரு மனுஷன் பத்தொன்பது வருடம் சத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, நான் முதுகைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறார். காலையில் சாவியை என் கையில் கொடுத்து, விளக்கு எரிந்ததும் என் தோளைத் தட்டியிருக்கிறார். என் சம்பந்தியிடம் என் கையைப் புகழ்ந்திருக்கிறார். அவர் பொய் ஒவ்வொன்றுக்கும் நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சித்தூர் முதலாளி என் டெஸ்டரைத்தான் எறிந்தார். இவர் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டு, எனக்கு வேலை தெரியும் என்று நம்பவைத்தார். இரண்டில் எது பெரிய அவமானம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எழுந்து வரும்போது அண்ணி இன்னொன்றும் சொன்னார். கடைசி ஒரு வருடம் அவருக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டு, கை மேலே தூக்க வராமல் இருந்தது உங்களுக்குத் தெரியும். அது முற்றிப்போய், கடைசியாகச் செய்த வண்டியில் மட்டும் அவரால் உள்ளே கை விட முடியவில்லையாம். "அந்தப் புளி மண்டிக்காரு வண்டி ஒன்னு பாக்கி நிக்குது, அத ஒரு தபா பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. அப்பிடியே பூட்டாரு" என்றார்.

அந்த வண்டி சித்தூரில் இருக்கிறது. புளி மண்டி வைத்திருக்கும் பெரியவருடையது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேரப் பிள்ளைகள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு காணிப்பாக்கம் போகிறவர் அவர். பத்தொன்பது வருடத்தில் நான் கட்டியது கட்டியபடியே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே வண்டி அதுதான். அடுத்த பஸ்ஸிலேயே சித்தூருக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான். என் ஜாயிண்டுகள் அத்தனையும் கல் மாதிரி நிற்க வேண்டும். நின்றால், முனிரத்தினம் ஒரு சந்தேகப் பிராணி, நான் நல்ல வேலைக்காரன், கதை முடிந்தது. அவர் பொய்யர் என்று இந்த மலரிலேயே எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பெரியவரிடம் சும்மா ஒருமுறை பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, மண்டி வாசலிலேயே டேஷ்போர்டைக் கழற்றினேன். டீ குடிக்கவில்லை. பலகையைச் சாய்த்ததும் தெரிந்துவிட்டது. டேப் எல்லாம் இடது பக்கமாக ஏறியிருந்தது, நுனியில் என் பல் பட்ட பிசிறு. அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஜாயிண்டாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்று நின்றது. இரண்டு நின்றது. பதினொன்று வரை நின்றன. பன்னிரண்டாவதை மெதுவாகத்தான் இழுத்தேன். டேப்போடு கையில் வந்துவிட்டது. உள்ளே செம்பு இழைகள் பிரிந்து, விரிந்த துடைப்பம் போலக் கிடந்தன. ஒரு இழை பக்கத்துத் தகட்டில் உரசி, அங்கே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

மண்டியில் நாலு பேரப் பிள்ளைகளும் புளி மூட்டைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் நகரி நூல் இருக்கும். அதை எடுத்து, என் வழக்கப்படி இடது கையால் முறுக்கினேன். அன்றைக்குப் போலவே முறுக்க முறுக்கப் பிரிந்தது. வலது கைக்கு மாற்றி முறுக்கினேன். இறுகியது. வயரின் இழையை அதேபோல இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்த்தேன். வயரும் நூலும் ஒன்றுதான். அது ஏற்கெனவே ஒரு பக்கமாக முறுக்கி வந்திருக்கிறது. என் கை இத்தனை காலமும் அதற்கு எதிர்ப்பக்கமாகவே போயிருக்கிறது. மற்ற பதினொன்றும் நின்றது டேப்பின் புண்ணியம். தறிக்காரர் பிள்ளைக்கு இது பார்த்த உடனே தெரிந்திருக்கும். 'ஏழுமல, கைய மாத்தி முறுக்கு.' இவ்வளவுதான் விஷயம். பேரை விட்டால் மூன்றே மூன்று வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்கும். ஒரு வாரம் வராமல் இருந்திருப்பேன். பிறகு வந்திருப்பேன், அண்ணியின் சோற்றை விட்டு எங்கே போவேன்?

நூலைப் பற்றி அன்றைக்குச் சொன்னாரே, அதுதான் அவர் எனக்குச் சொன்ன விதம் என்று என் பெண்டாட்டி சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்வதென்றால் மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டும். நான் வீட்டுக்குப் போன பிறகு வந்து சரி செய்துவிட்டுப் போவது சொல்வது ஆகாது. என்னால் தாங்க முடியாது என்று அவராக முடிவு கட்டிவிட்டார். என் வேலை மோசம் என்று தெரிந்ததைவிட, என்னை அவர் அவ்வளவு லேசானவனாக நினைத்திருந்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மண்டிக்காரர் வண்டியில் பன்னிரண்டு ஜாயிண்டையும் பிரித்து, வலது கையால் முறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். பழக்கமில்லாத கை, மூன்று மணி நேரம் பிடித்தது. "இன்னா ஏழுமல, கோளாறா?" என்று பெரியவர் கேட்டார். "ஆமாங்க, என் கோளாறுதான்" என்றேன். ஐம்பத்தாறு வயதில் அதைச் சொல்லிப் பார்த்தேன். உயிர் ஒன்றும் போகவில்லை. சொன்ன பிறகு அவர் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அவர் ஞாபகமாக என்ன எடுத்துக்கொள்கிறாய் என்று தேவகி கேட்டாள். உளிப் பெட்டியைக் கொடுத்தாள், வேண்டாம் என்றேன். கையில் கழன்று வந்த அந்தப் பன்னிரண்டாவது ஜாயிண்டை என் டேப் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அது கண்ணில் படும். பாச்சா உருண்டை வாங்குவதை நிறுத்திவிட்டேன். டேஷ்போர்டை மூடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு நாள் உறங்கவைக்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. மறுநாள் காலையில் நானே அடியில் போய்ப் படுத்து, நான் கட்டியதை நானே இழுத்துப் பார்க்கிறேன். போன வாரம் ஒன்று கழன்று வந்தது. உடனே தலையைத் திருப்பி, டார்ச் பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

நீ என்கிட்டயே சொல்லியிருக்கலாமேண்ணா. நான் டார்ச் பிடித்திருப்பேனே.